ரப்பர் வளையம்

கண்ணாடி மேசையின் மேல் நாலு விதமான நீட்டுநாடாக்களைப் பரப்பி வைத்துவிட்டு, "யாருக்குடி வாங்குறே, மெரெரிட்?" என்று கேட்டாள் கைன்வென். பாறையேறும் சாமான் விற்கிற ஒரு கடைக்காரி இதைவிட எளிதான கேள்வியைக் கேட்டுவிட முடியாது. எனக்குத்தான் வாய் வரவில்லை. வெளியே லான்பெரிஸ் தெருவில் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கிய வெளியூர்க்காரர்கள், வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே மழைச்சட்டைகளின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு நாடாவை எடுத்தேன், அதன் கொக்கியின் கம்பி வாயைத் திறந்து மூடினேன், வைத்தேன், அடுத்ததை எடுத்தேன். பாங்கர் ஊரில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எங்கள் டாக்டர் உள்ளறையில் உட்கார்ந்து நாள் முழுக்க, 'இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் எல்லாமே தெளிவு என்றோ எதுவுமே தெளிவில்லை என்றோ குழம்பிப்போவார்கள். அன்றைக்கு நான் அவர்கள் நிலைமையில் இருந்தேன்.

"டெகிட்டுக்கு," என்றேன் கடைசியில். டெகிட் என் புருஷன். சொல்லும்போதே பாதிப் பொய் மாதிரி இருந்தது.

"அவன்கிட்டதான் பழசு ஒரு மூட்டை இருக்கே?"

இருந்தது. அதுதான் தொல்லை. நீட்டுநாடா என்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. ஒரு கை நீளத்துக்கு வளையமாகத் தைத்த நாடா, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொக்கி. மூன்றாக மடித்துவிட்டால் ஒரு சாண். இரண்டு இழையைக் கழற்றி உதறினால் மறுபடி ஒரு கை நீளம். பாறையில் முன்னால் ஏறுகிறவர் விரிசலில் ஒரு உலோக ஆப்பைச் சொருகி, அதில் நாடாவின் ஒரு கொக்கியை மாட்டி, மறு கொக்கியில் தன் கயிற்றைப் போட்டுக்கொண்டு மேலே போவார். விழுந்தால் அந்த ஆப்பும் நாடாவும்தான் தாங்க வேண்டும். விரிசல் நேராகப் போனால் நாடாவைக் குட்டையாகவே விடலாம். வளைந்து போனால் நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு மூலைக்கு மூலை உரசி ஆளைப் பின்னால் இழுக்கும். முன்னால் ஏறுகிறவன் டெகிட். அவன் சொருகினதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் போகிறவள் நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லான்பெரிஸ் கணவாயில், எங்கள் எல்லோருக்கும் அத்துப்படியான ஒரு பாறையில் டெகிட் விழுந்தான். ஆப்பு பிடுங்கிக்கொள்ளவில்லை, நாடா அறுந்துபோகவில்லை. கயிறு போட்டிருந்த கொக்கி தானாகத் திரும்பிக்கொண்டு, அதன் வாய் பாறை விளிம்பில் அழுந்தித் திறந்து, கயிறு நழுவி வெளியே வந்துவிட்டது. அப்படி நடப்பது அபூர்வம். அந்த அபூர்வம் இவன் குதிகால் எலும்பை நொறுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று வருகிறவன் போகிறவனெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். யானை மறுபடி நடந்தது. ஜன்னல் மாட்டும் வேலைக்கும் போனது. ஆனால் பாறையில் முன்னால் மட்டும் போகவில்லை. கீழே நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிப்பான், வானிலையைக் குறை சொல்வான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பான். பாறை ஏறாத டெகிட்டோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மழை நாளில் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருக்கும் நாயோடு இருப்பதைப் போலத்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, கத்திரியால் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கிக்கொண்டிருந்தான். கொக்கி திரும்பாமல் நாடாவோடு இறுக்கிப் பிடித்துவைக்க ரப்பர் வளையம். கயிறு போடும் கொக்கி ஒவ்வொன்றிலும் மாட்டினான். "இனிமே எந்தக் கொக்கியும் எனக்கு முதுகைக் காட்டாது," என்றான். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, நல்லது என்று நினைத்தேன். எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து வரட்டும் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எழுந்தும் வந்துவிட்டான். மலையில் மழை பெய்தால் எல்லோரும் கடலோரமாக ட்ரெமாடோக்குக்குப் போவோம். அங்கே பாறை காய்ந்திருக்கும், கீழே தேநீர்க் கடையும் உண்டு. 'ஒற்றைச் செருப்பு' என்ற வழியில் இவன் முன்னால் போனான். முதன்முதலில் ஏறியவன் பாதியில் ஒரு செருப்பைத் தவறவிட்டு, ஒற்றைச் செருப்போடு மேலே போனானாம். அதனால் அந்தப் பெயர். நடுவில் ஒரு அகலமான திட்டு இருக்கிறது. அதற்கு மேலே விரிசல் இடப்பக்கம் ஒடிந்து, ஒரு தொங்கு பாறைக்கு அடியில் போகும். டெகிட் அதைத் தாண்டி மறைந்தான். கயிறு சீராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மேலேயிருந்து, இரண்டு வருஷமாக நான் கேட்காத குரலில், "வாடி மேல!" என்று ஒரு கூச்சல்.

நான் பிடுங்கிக்கொண்டே போனேன். தொங்கு பாறைக்கு அடியில் இருந்த ஆப்பில் அவன் நாடாவை நீட்டி விட்டிருந்தான். நல்ல ஆப்பு, நல்ல இடம். கயிற்றுக் கொக்கியைக் கழற்ற நாடாவைப் பிடித்து லேசாக இழுத்தேன். கொக்கி நாடாவை விட்டுக் கழன்று வந்துவிட்டது. ரப்பர் மட்டும் 'டப்' என்று தெறித்துப் புல்லுப் பக்கம் போயிற்று. கொக்கி கயிற்றில் வழுக்கி வந்து என் இடுப்பு முடிச்சில் மோதி நின்றது. ஒரு நிமிஷம் எனக்கு என்ன ஏது என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மடித்த நாடாவை உதறி நீட்டும்போது ஒரு இழை கொக்கியைச் சுற்றிப் புரண்டு வெளியே வந்திருக்கிறது. ரப்பர் இல்லாவிட்டால் கொக்கி அப்போதே அவன் கையில் கழன்று விழுந்திருக்கும், அவனும் பார்த்திருப்பான். ரப்பர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. நாடாவுக்கும் கொக்கிக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் துண்டைத் தவிர ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே இருந்த ஆப்பு திட்டுக்குச் சற்று மேலே. அவன் விழுந்திருந்தால் திட்டில்தான் வந்து விழுந்திருப்பான்.

அங்கேயே நின்றேன். மேலேயிருந்து கயிறு இரண்டு முறை மெல்ல இழுபட்டது. என்ன ஆச்சு என்று அர்த்தம். நான் கொக்கியை நாடாவில் சரியாக மாட்டி, மற்றவற்றோடு தொங்கவிட்டுக்கொண்டு ஏறினேன். உச்சியில் டெகிட் ஓக் மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வந்துட்டேன் மெரி," என்றான். கண் கலங்கியிருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். "நல்லா ஏறினே," என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கண்ணாடியை இன்னொருவர் மூக்கில் வைத்தேன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சொன்னால் அவ்வளவுதான்: எதை நம்பி எழுந்தானோ அதுவே தன்னைக் கொல்லப் பார்த்தது என்று தெரிந்தால் அவன் இனி முன்னால் போக மாட்டான், மறுபடி வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பான். சொல்லாவிட்டால் வரும் சனிக்கிழமை அதே ரப்பரோடு பக்கத்து வழியில் ஏறப்போகிறான். அதற்குப் பெயர் 'வட்டிக்காரன்'. விழுவதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே அவனுக்கு அதன்மேல் ஒரு கண். செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போனதும் மாடிப்படிக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, சமையலறைக் கத்திரியால் எல்லா ரப்பரையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். சாயந்திரம் வந்து பார்த்தவன், "வெயில்ல வெடிச்சு உதிர்ந்திருச்சு போல," என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே புதிதாக நறுக்கி மாட்டினான். எப்போதும் மழை பெய்யும் எங்கள் ஊர் பெத்தெஸ்டாவில் ஒன்று வெயிலில் வெடித்தது என்று சொன்ன முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். சிரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே கைன்வென் கடை. புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டால் பழையதை ஒதுக்கிவிடுவான் என்பது என் திட்டம். திட்டத்தில் ஓட்டை இருப்பது கடைக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. ட்யூப் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது.

"ரப்பர் மாட்ட முடியாத மாதிரி ஏதாவது இருக்கா?" என்றேன்.

கைன்வென் கையில் இருந்த நாடாவைக் கீழே வைத்தாள். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். என்னிடம் கேள்வி கேட்காமலே பதில் வாங்குவாள்.

"நீட்டுநாடாவுக்கா ரப்பர் போடுறான்? அறிவிருக்கா அவனுக்கு? குட்டையாத் தைச்ச நாடாவுக்குத்தான் அது. இதுக்குப் போடாதேன்னு கூட வர்ற தாள்லயே படம் போட்டிருக்கு. எவன் பாக்குறான்?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது ஆச்சா?"

"ஆகல."

"ஆகப் பாத்துச்சா?"

நான் அடுத்த நாடாவை எடுத்தேன். அவள் மேற்கொண்டு குடையவில்லை. வியாபாரத்துக்கு வந்தாள். அகலமான நைலான் நாடா கைக்கு அடக்கமாக இருக்கும், பாறை விளிம்பில் அவ்வளவு சீக்கிரம் தேயாது, ஆனால் நனைந்தால் கனக்கும். ஒல்லி நாடா எடையே தெரியாது, உதறினால் வழுக்கிக்கொண்டு நீளும், ஆனால் சீக்கிரம் பழசாகும். ஒரு கொக்கி ஒரு நிறம், மறு கொக்கி வேறு நிறம் இருந்தால் நல்லது; ஆப்புக்கு மாட்டுவது எது, கயிற்றுக்கு எது என்று மாறாது. கொக்கியிலும் பெரியது, சின்னது. நான் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் மடித்து, உதறி, நீட்டி, மறுபடி மடித்தேன். எத்தனையோ வருஷம் பின்னால் போய்ப் பிடுங்கின கை. மடிப்பது அதற்குத் தெரியும். உதறி நீட்டுவது தெரியாது. அது முன்னால் போகிறவர் வேலை. ஐந்தாறு தடவை செய்த பிறகு ஒல்லி நாடா கையில் தானாக ஓடியது. அதை உதறும்போது நெஞ்சில் ஒரு துடிப்பு வந்தது. அது பயம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அந்தச் சின்னக் கொக்கியில அவன் விரல் போகுமா?" என்றாள் கைன்வென். "அவன் விரல் ஒண்ணொண்ணும் கேரட்டு மாதிரி."

"போகாது."

"அப்புறம்?"

"ஒரு செட்டு குடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஜோடியாக ஏறுகிறவர்களுக்குச் சாமான் எல்லாம் பொது. மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க நிற டேப் ஒட்டி வைப்போம். எங்களுடையது பச்சையும் மஞ்சளும். அதில் ஒருவர் தனக்கென்று தனியாக நீட்டுநாடா வாங்கினால் ஆளை மாற்றப்போகிறார் என்றுதான் ஊர் பேசும். முக்கால்வாசி நேரம் ஊர் பேசுவது சரியாகவும் இருக்கும்.

"ஆள மாத்துறியாடி?"

"மாத்துறதுன்னா முதல்ல வீட்டுப் பூட்டைல்ல மாத்துவேன்," என்றேன். சிரித்தாள். ஆனால் பையை நீட்டும்போது சிரிப்பு இல்லை. "அவன்கிட்ட சொல்லிரு மெரெரிட். பையை வாங்கிட்டுப் போனா சொன்ன மாதிரி ஆகாது."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவன் வேலையிலிருந்து வரும்போது பை சாப்பாட்டு மேசையில் இருந்தது. சொல்லத்தான் அங்கே வைத்தேன். அடுப்பில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கை கழுவிவிட்டு வந்து பைக்குள் பார்த்தான். ஒரு நாடாவை வெளியே எடுத்தான். கொக்கியின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. திருப்பி உள்ளே வைத்து, பையை மடித்து, தட்டு வைக்க இடம் விட்டு ஓரமாக நகர்த்தினான். "உப்பு கொஞ்சம் கம்மி," என்றான். நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று நானும், இப்போது சொல்வாள் என்று ஒருவேளை அவனும், ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தோம். நான் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பியபோது பையின் மேல் பச்சை டேப்பும் மஞ்சள் டேப்பும் வைத்திருந்தது. அவன் பக்கத்து அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். சத்தம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. நான் டேப்பைத் தொடவில்லை. அதை ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். எதுவும் சரியாகவில்லை.

காலையில் மலைப் பக்கம் முழுக்க மேகம். ட்ரெமாடோக் போய்ச் சேரும்வரை காரில் வானொலி பேசியது, நாங்கள் பேசவில்லை. தேநீர்க் கடையில் பெரிய குவளைத் தேநீரை அவன் பாதியிலேயே வைத்துவிட்டான். டெகிட் தேநீரை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. மரங்களுக்கு நடுவே பாறையடிக்கு ஏறிப் போனோம். வட்டிக்காரனுக்குக் கீழே பையை இறக்கி, பழைய நாடாக்களை இடுப்புவாரில் வரிசையாக மாட்டத் தொடங்கினான். ஒவ்வொன்றிலும் கறுப்பு ரப்பர். மாட்டினதையே கழற்றி மறுபடி மாட்டினான். சந்தோஷத்தில் ஏறப்போகிறவன் கை இல்லை அது.

"இன்னைக்கு நான் முன்னால போறேன்," என்றேன். "வட்டிக்காரன் வேணாம். ஒற்றைச் செருப்பு."

அவன் நிமிர்ந்து, என் இடுப்பில் பளபளவென்று தொங்கிய புது நாடாக்களைப் பார்த்தான்.

"யாரு அவன்?"

"எவன்?"

"இனிமே நீ கூடப் போகப்போற ஆளு. புதுசு வாங்கியாச்சு. நம்ம டேப்பை எடுத்து வெச்சேன், தொடக்கூட இல்ல. ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். மூலைகிட்ட வந்து நின்னுட்டே. கயிறு அசையல. ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்தேன். நான் ரெண்டு வருஷம் கழிச்சு ஏறி உக்காந்திருக்கேன், நீ வந்து 'நல்லா ஏறினே'ங்கிறே. எதுத்த வீட்டுக்காரன்கிட்ட சொல்ற மாதிரி. இவளுக்கு நம்மகூட ஏறுறது அலுத்துப்போச்சுடான்னு அப்பவே நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வாரமாக நான் மட்டும்தான் வேகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவனும் இன்னொரு பக்கம் வெந்திருக்கிறான், அதுவும் தப்பான அடுப்பில். இதற்கு மேல் என்னால் பொத்தி வைக்க முடியவில்லை. அவன் இடுப்பிலிருந்து ஒரு நாடாவைக் கழற்றினேன். மடித்திருந்ததை, அன்றைக்கு எப்படிப் புரண்டிருக்குமோ அப்படி ஒரு இழையைப் புரட்டி, நீட்டி, ஒரு கிளையில் மாட்டினேன். ரப்பர் கொக்கியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது. பார்க்க ஒரு குறையும் இல்லை.

"இழு," என்றேன்.

"எதுக்கு?"

"இழு டெக்."

இரண்டு விரலால் இழுத்தான். ரப்பர் தெறித்தது. கொக்கி சருகில் விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையைத் தூக்கி, ஒற்றைச் செருப்பின் தொங்கு பாறையைப் பார்த்தான்.

"அதுக்குக் கீழ?" என்றான்.

"திட்டுக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு. அவ்வளவுதான்."

கல்லின் மேல் உட்கார்ந்தான். கை தானாகக் குதிகாலுக்குப் போயிற்று. அவன் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்த்தேன். கீழே சாலையில் ஒரு லாரி மெதுவாகப் போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"ஒரு வாரம்," என்றான். "ஒரு வாரமா வாயத் தொறக்காம இருந்திருக்கே."

"சொன்னா ஏற மாட்டே."

"ஏறுறதும் ஏறாததும் என் பாடு. அதை நீ எப்படி முடிவு பண்ணலாம்?" கோபமாகத்தான் இருந்தான். கோபப்படவும் அவனுக்கு உரிமை இருந்தது.

"ரப்பரை வெட்டினது நான்தான்."

"வெயில்னு நெனச்சேன்," என்றான். இரண்டு பேருக்கும் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பாக மாறுவதற்குள் அது போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து மிச்ச ரப்பர் வளையங்கள் இருந்த தகர டப்பாவை எடுத்தான். தூர எறியப்போகிறான் என்று நினைத்தேன். எறியவில்லை. பக்கத்தில் கல்லின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்தான்.

"கயிறு பிடிப்பியா மாட்டியா?" என்றேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. சொன்னால் நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்துவிடுவேன்.

எழுந்தான். நான் கயிற்றை இடுப்பில் முடிந்தேன். முடிச்சை அடுத்தவர் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். விரலை விட்டு இழுத்துப் பார்த்தான், வேண்டியதைவிட இரண்டு தடவை அதிகமாக. பிறகு என் இடுப்பில் தொங்கிய ஒரு சின்னக் கொக்கியைச் சுண்டிவிட்டான். அது சுழன்றது.

"ரப்பர் இல்லாம இது திரும்பும்."

"திரும்பட்டும்."

ஏறினேன். திட்டு வரைக்கும் கால்களுக்கு வழி தெரிந்தது. திட்டுக்கு மேலே எல்லாம் புதிதாக இருந்தது. எத்தனை முறை போன இடம், ஆனால் அப்போதெல்லாம் மேலேயிருந்து ஒரு கயிறு என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது கயிறு காலுக்குக் கீழே. விரிசல் ஒடிகிற இடத்தில் ஆப்பைச் சொருகினேன். இழுத்துப் பார்த்தேன், கடித்துக்கொண்டது. நாடாவை மாட்டி, இரண்டு இழையைக் கழற்றி உதறினேன். கைன்வெனின் மேசையில் நீண்டதைப் போலவே நீண்டது. கயிற்றைப் போட்டு, தொங்கு பாறையின் விளிம்பில் கையை வைத்து, மூன்று பிடி மேலே போனேன்.

அங்கேயிருந்து கீழே பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். காற்று கயிற்றை ஆட்டியது, கயிறு கொக்கியை ஆட்டியது, கொக்கி மெல்ல, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அதன் கம்பி வாய் பாறையைப் பார்த்தபடி நின்றது. டெகிட் இரண்டு வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனும் கீழேயிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து ஏதோ கத்தினான். காற்றில் ஒன்றும் வந்து சேரவில்லை. கயிறு மட்டும் விறைத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டான். பயந்தவன் பிடிக்கிற பிடி. அது என்னைக் காப்பாற்றாது, கீழேதான் இழுக்கும். அடுத்த பிடிக்கு எனக்குத் தொய்வு வேண்டும்.

ஒரு கையை விட்டு, கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு உதறு உதறினேன். கொக்கி திரும்பி நேரானது. மறுபடி ஆடத் தொடங்கியது. மறுபடி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். "கயிறு!" என்று கத்தினேன். வரவில்லை. முன்னங்கை வெடவெடக்க ஆரம்பித்தது. பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இடுப்பால் கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்தேன்.

கீழே ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு சாண் வந்தது. நின்றது. இன்னொரு சாண். அப்புறம் ஒரே மூச்சில் ஒரு கை நீளம் மேலே வந்து, என் இடுப்பிலிருந்து தளர்ந்து தொங்கி, காற்றில் வளைந்து ஆடியது. நான் கையை அடுத்த பிடிக்குக் கொண்டுபோனேன்.